மிதாலியும் என் அக்காவும்

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மார்ச் முடிவு, அதன் பின்னால் ஆடிட், அதற்கும் பின்னால் வீட்டில் ஒரு ஆடிட். முதல் இரண்டும் நல்லபடியாக முடிந்தன. மூன்றாவதுதான் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று.

விஷயம் இதுதான். என் மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டாள். நாலு வருஷமாக கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறாள். சனத்நகரில் இருந்து ஈ.எஸ்.ஐ. ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி, அமீர்பேட்டில் இறங்கி மாறி, செகந்திராபாத் பக்கம் போகவேண்டும். அவள் உயரத்துக்கு ஒரு கிட் பை. வாரத்தில் நாலு நாள் நானோ மனைவியோ கூடவே போவோம். பயிற்சியைப் புதுப்பிக்க ஒரு பாரம் வந்திருக்கிறது. அதில் தகப்பன் கையெழுத்து வேண்டும். பத்து நாளாக அது ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. பேங்கில் ஒரு நாளைக்கு எத்தனை கையெழுத்துப் போடுகிறேன் என்று எனக்கே தெரியாது. இந்த ஒன்றுக்குக் கை வரவில்லை.

"பத்தாவது வருது. ஒரு வருஷம் நிறுத்தட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பது வீட்டுத் தீர்மானம். முன்மொழிந்தவன் நான்தான். ஒரு வருஷம் நிறுத்தினால் அப்புறம் யாரும் பார்த்துக்கொள்வதில்லை என்பதும் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் குழப்பத்தில்தான் மிதாலி ராஜ் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். வயது தாண்டியும் விளையாடியவர்கள் என்று பேச்செடுத்தால் இங்கே அக்கம்பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் சி.கே. நாயுடுவைச் சொல்வார்கள். நியாயம்தான். நாக்பூரில் குடியேறிய தெலுங்குக் குடும்பத்தில் 1895இல் பிறந்தவர். 1932இல் லார்ட்ஸில் இந்தியா தன் முதல் டெஸ்டை ஆடியபோது அவர்தான் கேப்டன், வயது 36. இன்றைக்கு அது ஓய்வை அறிவிக்கிற வயது. அவரோ 1945-46 ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஹோல்கர் அணிக்காக 200 ரன் எடுத்தார், ஐம்பது வயதில். கடைசி முதல்தர ஆட்டத்தை 1963இல் 68 வயதில் ஆடினார். நம் பேங்க் சர்வீஸ் ரூல்படி பார்த்தால் ஓய்வு பெற்று எட்டு வருஷம் கழித்து!

நாயுடு பெரிய மனிதர்தான், சந்தேகமில்லை. ஆனால் எனக்கு மிதாலி நெருக்கம். காரணம் சொன்னால் உங்களுக்கும் புரியும். அப்பா துரை ராஜ், அம்மா லீலா ராஜ், தமிழ்க் குடும்பம். அப்பா விமானப்படையில் இருந்ததால் பெண் பிறந்தது ராஜஸ்தான் ஜோத்பூரில், 1982 டிசம்பர் 3. குடும்பம் வந்து ஊன்றியது ஹைதராபாத் - செகந்திராபாத்தில். விமானப்படையை விட்டபின் அப்பா பார்த்தது பேங்க் வேலை. ஊரை விட்டு வந்த தமிழ்க் குடும்பம், பேங்க் உத்தியோகம், வீட்டில் பரதநாட்டியம் கற்கிற பெண்குழந்தை. இதில் எந்த வரி நம் வீட்டுக்குப் பொருந்தாது, சொல்லுங்கள்?

மிதாலி கிரிக்கெட் மட்டையைத் தொட்டது ஆசைப்பட்டு அல்ல. காலையில் எழுந்திருக்கச் சோம்பல். சரி, இது சரிப்படாது என்று அப்பா, அண்ணன் போய்க்கொண்டிருந்த பயிற்சி முகாமுக்கு இவரையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே இருந்த ஜோதி பிரசாத், ஹைதராபாத் அணியின் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர், சும்மா நின்ற பெண்ணுக்குப் பந்து போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு, சம்பத்குமார் என்ற பயிற்சியாளரிடம் அனுப்பச் சொன்னார். கீஸ் பெண்கள் பள்ளியில் படிப்பு, சம்பத்குமாரிடம் காலையும் மாலையும் மணிக்கணக்கில் பயிற்சி. நடனமும் கிரிக்கெட்டும் கொஞ்ச நாள் சேர்ந்து போயின. எட்டு வருஷம் கற்ற நடனத்தை ஒரு கட்டத்தில் விடவேண்டி வந்தது. வீட்டுப் பெரியவர்களுக்குப் பெண்பிள்ளை வெயிலில் பையன்களோடு ஆடுவது பிடிக்கவில்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியவர்கள் பேசியிருக்கக்கூடிய வசனம் எனக்கு மனப்பாடம். உங்களுக்கும்தான்.

1997 உலகக் கோப்பைக்கான உத்தேசப் பட்டியலில் பெயர் வந்தது. வயது 14. கடைசி அணியில் இடம் இல்லை. அதே வருஷம் சம்பத்குமார் சாலை விபத்தில் இறந்துபோனார். ஒரு நிமிஷம் இங்கே நில்லுங்கள். அணியில் சேர்க்கவில்லை, குரு போய்விட்டார், அடுத்த வருஷம் பத்தாவது. "போதும்மா, ஆடினது போதும், இனிமே படி" என்று சொல்ல இதைவிட நல்ல தருணம் ஒரு தகப்பனுக்கு வாய்க்காது. அந்த வீட்டில் யாரும் அதைச் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டதால் என்ன ஆயிற்று? 1999 ஜூன் 26, இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் என்ற ஊர். அயர்லாந்துக்கு எதிராக முதல் சர்வதேச ஆட்டம். வயது 16. ஆட்டமிழக்காமல் 114. கூட இறங்கிய ரேஷ்மா காந்தியும் அன்று சதம். இந்தியா விக்கெட் இழக்காமல் 258. மூன்று வருஷம் கழித்து 2002 ஆகஸ்டில் டான்டனில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் 214. அப்போது பெண்கள் டெஸ்டில் அதுதான் உலக சாதனை. வயது 19.

கடைசி ஆட்டம் 2022 மார்ச் 27, கிறைஸ்ட்சர்ச்சில், உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக. கேப்டனாக இறங்கி 68 ரன். கடைசிப் பந்தில் தோற்று, அரையிறுதிக்குப் போக முடியாமல் திரும்பினார்கள். அப்போது வயது 39. முதல் ஒருநாள் ஆட்டத்துக்கும் கடைசி ஒருநாள் ஆட்டத்துக்கும் நடுவே 22 வருஷம் 274 நாள். நம் சச்சினுக்கு இது 22 வருஷம் 91 நாள். ஆறு உலகக் கோப்பைகள்: 2000, 2005, 2009, 2013, 2017, 2022. 232 ஒருநாள் ஆட்டம், 7,805 ரன், சராசரி 50.68.

இந்த எண்களை எல்லாப் பத்திரிகையும் போட்டன. நான் பி.காம். படித்தவன், பேலன்ஸ் ஷீட்டில் எது பெரிய எண் என்று பார்ப்பதைவிட எது இடிக்கிறது என்று பார்ப்பது பழக்கம். இடிப்பது இந்த எண்: டெஸ்ட் ஆட்டங்கள் 12.

இருபது வருஷத்தில் பன்னிரண்டு! 19 வயதில் டெஸ்டில் உலக சாதனை செய்தவருக்கு அதற்குப் பிறகு கிடைத்த டெஸ்டுகள் ஒற்றை இலக்கம்தான். 2006 ஆகஸ்டுக்கும் 2014 ஆகஸ்டுக்கும் நடுவே இந்தியப் பெண்கள் அணி ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. மிதாலிக்கு 23இல் இருந்து 31 வரை. ஒரு மட்டையாளரின் வாழ்க்கையில் அந்த எட்டு வருஷம் என்ன விலை பெறும் என்று கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 2014இல் வார்ம்ஸ்லியில் மறுபடி டெஸ்ட் ஆடியபோது இந்திய அணியில் எட்டுப் பேருக்கு அதுதான் முதல் டெஸ்ட். மிதாலிதான் கேப்டன். இரண்டாவது இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 50 எடுத்து ஜெயித்துக் கொடுத்தார். அந்த வருஷமே மைசூரில் ஒன்று. அப்புறம் மறுபடி 2021 வரை பூட்டு.

பேங்கில் ரெண்டு வருஷம் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கை 'இயங்காத கணக்கு' என்று தனியே தள்ளிவிடுவோம். எட்டு வருஷம் இயங்காத கணக்கை ஒருத்தர் கையில் பாஸ்புக்கோடு காத்திருந்து உயிர்ப்பித்திருக்கிறார் என்றால் அதற்குப் பெயர் வெறும் உடல்தகுதி இல்லை.

இது மிதாலிக்கு மட்டும் நடந்ததும் இல்லை. கொஞ்சம் பின்னால் போவோம். இந்தியாவில் பெண்கள் கிரிக்கெட் சங்கம் அமைந்தது 1973இல். முதல் டெஸ்ட் தொடர் 1976இல், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக. கேப்டன் சாந்தா ரங்கசாமி, நம் சென்னையில் பிறந்தவர். அந்த வருஷம் பாட்னாவில் இந்தியப் பெண்களின் முதல் டெஸ்ட் வெற்றியும் அவர் தலைமையில்தான். அவர் கடைசி டெஸ்ட் ஆடியது 1991இல், 37 வயதில். நடுவில் 1986க்கும் 1991க்கும் இடையே டெஸ்டே கிடையாது. 1988 உலகக் கோப்பைக்கு இந்திய அணி போகவே இல்லை. 37 வயது வரை ஆடினார் என்று நாம் வியக்கிறோம். ஆட்டம் கொடுத்திருந்தால் 32 வயதிலேயே திருப்தியாக முடித்திருப்பாரோ என்னவோ! (இன்னொரு செய்தி: சாந்தா ரங்கசாமி கனரா வங்கியில் உயர்பதவி வரை போனவர். நம் இனம்!)

ஆண்கள் கிரிக்கெட்டில் 39 வயது வரை ஒருவர் ஆடினால் அதற்கு அர்த்தம், எல்லாம் கிடைத்தும் இன்னும் ஆசை விடவில்லை என்பது. பெண்கள் கிரிக்கெட்டில் 39 வரை ஆடினால், கிடைக்கவேண்டியது இன்னும் வந்துசேரவில்லை என்றும் அர்த்தம் உண்டு.

வந்துசேர்ந்த வரிசையைப் பாருங்கள். பெண்கள் கிரிக்கெட்டை பி.சி.சி.ஐ. எடுத்துக்கொண்டது 2006இல். அதற்கு முன்பு ரயிலில் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் கிட் பைகளோடு போனதை அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். 2005 உலகக் கோப்பையில் மிதாலி தலைமையில் இறுதி ஆட்டம் வரை போனார்கள். அரையிறுதியில் நியூசிலாந்துக்கு எதிராக அவர் ஆட்டமிழக்காமல் 91. அந்தப் போட்டிக்கு ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்தது என்று பிற்காலத்தில் சொன்னார். பெண்களுக்கு வருடாந்தர ஒப்பந்தம் முதல்முதலாக வந்தது 2015இல். மிதாலிக்கு அப்போது 32. அதுவரை சோறு போட்டது ரயில்வே. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, மாதாமாதம் சம்பளம். பெண்கள் உள்நாட்டு கிரிக்கெட்டில் ரயில்வே அணி ஏன் வருஷக்கணக்காக அசைக்க முடியாமல் நின்றது என்பதற்கு விடையும் இதுதான். சம்பளம் கொடுத்த இடத்தில் ஆட்டக்காரர்கள் தங்கினார்கள்.

2017 ஜூலை 23, லார்ட்ஸ் இறுதி ஆட்டம். இங்கிலாந்து 228. இந்தியா 3 விக்கெட்டுக்கு 191 வரை வந்து, 219க்கு ஆல் அவுட். ஒன்பது ரன்னில் போயிற்று. அன்று எங்கள் அபார்ட்மெண்டில் இருக்கும் நாலு தமிழ் வீடும் ஒரே டி.வி. முன்னால். என் மகள் அப்போது சின்னக் குழந்தை, தோற்றது புரியாமல் கைதட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த ஒன்பது ரன் தோல்விக்குப் பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது என்பதும் உண்மை. அந்தத் தொடரில் மட்டையோடு இறங்கக் காத்திருந்த நேரத்தில் மிதாலி புத்தகம் படித்துக்கொண்டிருந்த படம் ஊரெல்லாம் சுற்றியதே, ஞாபகம் இருக்கிறதா? அவ்வளவு காலம் காத்திருந்து பழகியவருக்கு அரைமணி நேரம் ஒரு பொருட்டா!

சரி, மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பாராட்டுரை மட்டும் எழுதினால் அது ஓய்வு பெறும் நாளில் பிரிவுபசாரத்தில் வாசிக்கிற தாள் ஆகிவிடும். மிதாலி மீது ஒரு விமர்சனம் விடாமல் இருந்தது: ரன் வேகம் போதாது, இருபது ஓவர் ஆட்டத்துக்குச் சரிப்படாது, இளையவர்களுக்கு வழிவிடவேண்டும். 2018 நவம்பரில் இருபது ஓவர் உலகக் கோப்பை அரையிறுதியில் அவரை உட்காரவைத்துவிட்டு இறங்கினார்கள், தோற்றார்கள், பெரிய ரகளை ஆயிற்று. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை. ஆனால் கேள்வி நியாயமான கேள்விதான். ஒரு நாற்காலியில் ஒருவர் இருபது வருஷம் உட்கார்ந்தால் பின்னால் நிற்பவருக்கு பிரமோஷன் எப்படி வரும்? என் கிளையில் இதைக் கேட்டால் அடிதடியே நடக்கும்.

அதற்கு மிதாலி செய்த பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. 2019 செப்டம்பர் 3 அன்று இருபது ஓவர் ஆட்டத்தில் இருந்து மட்டும் ஓய்வு என்று அறிவித்தார். ஒருநாள் உலகக் கோப்பைக்காக மீதிச் சக்தியைச் சேமித்தார். அதே மாதம் சூரத்தில் ஷெஃபாலி வர்மா இந்தியாவுக்கு முதல்முறையாக ஆடினாள். வயது 15. மிதாலி ஆட ஆரம்பித்தபோது ஷெஃபாலி பிறக்கவே இல்லை. டெஸ்டில் இரட்டைச் சதம் அடித்த இரண்டாவது இந்தியப் பெண்ணும் ஷெஃபாலிதான், 2024 ஜூனில் நம் சேப்பாக்கத்தில், 205. முதலாமவர் யாரென்று மேலே எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே 22 வருஷம்.

நீண்டகாலம் நிற்பவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்றைக் குறைத்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். கூர்க் ரோஹன் போபண்ணா இரட்டையர் ஆட்டமே போதும் என்று வைத்துக்கொண்டார். பாதி மைதானத்தைக் கூட்டாளி பார்த்துக்கொள்வார். 2024 ஜனவரியில் 43 வயதில் ஆஸ்திரேலிய ஓபன் பட்டம். சென்னையின் சரத் கமல் 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் டேபிள் டென்னிஸ் ஒற்றையர் தங்கம் வாங்கினார். 16 வருஷம் கழித்து 2022 பர்மிங்காமில், 40 வயதில், அதே தங்கத்தை மறுபடி வாங்கினார். அங்கே கலப்பு இரட்டையரில் அவரோடு தங்கம் வென்ற ஸ்ரீஜா அகுலா நம் ஹைதராபாத் பெண். 2025 மார்ச்சில் சென்னையில் சரத் கடைசியாக ஆடியபோது அவரைத் தோற்கடித்த சினேகித்தும் ஹைதராபாத்காரர். பொறாமைப்படாதீர்கள், இரண்டு ஊரும் நம்முடையதுதானே.

உலகத்தில் பார்த்தால் உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா. ஜிம்னாஸ்டிக்ஸில் இருபது வயதுக்குள் பெண்கள் ஓய்வு பெறுவது வழக்கமாக இருந்த காலத்தில், 1992 பார்சிலோனாவில் தொடங்கி 2021 டோக்கியோ வரை எட்டு ஒலிம்பிக். டோக்கியோவில் வயது 46. மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது சிகிச்சைக்காக ஜெர்மனிக்குப் போய், அந்த நாட்டுக்காக ஆடி, 2008 பெய்ஜிங்கில் வெள்ளி வாங்கினார். பிழைப்புக்காகவும் பிள்ளைக்காகவும் ஊர் மாறியவர் கதை நமக்கு விளக்கவேண்டுமா என்ன.

இந்தப் பட்டியலைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தோன்றியது. 39, 43, 46 என்றெல்லாம் வாயைப் பிளக்கிறோம். 'வழக்கமான ஓய்வு வயது' என்கிறோமே, நம் வீட்டுப் பெண்களுக்கு அது என்ன வயது? முப்பத்தைந்தா? இல்லை. பதினைந்து. பெரியமனுஷி ஆனது, பத்தாவது பரீட்சை, வெயிலில் கறுத்துப்போவது, நாளைக்குப் பெண் கேட்டு வருபவர்கள் என்ன சொல்வார்கள் என்பது, இவையெல்லாம் சேர்ந்து எழுதிய சர்வீஸ் ரூல் அது. மிதாலி தாண்டிய முதல் ஓய்வு வயது அதுதான். அதைத் தாண்டியதால்தான் மற்றதெல்லாம் வந்தது.

இப்போது அக்கா கதை.

எங்கள் ஊர் கோவில்பட்டி. பையன்கள் ஹாக்கி மட்டையோடு பிறக்கிற ஊர். என் அக்கா ஓடுவாள், 800 மீட்டர். 1990இல் தூத்துக்குடி தருவை மைதானத்தில் மாவட்டப் போட்டி. அக்காவுக்கு 15, எனக்குப் பதினொன்று. டிரில் மாஸ்டரே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கெஞ்சி அழைத்துப் போனார், நான் ஒட்டிக்கொண்டேன். இரண்டாவது சுற்றில் எல்லாரையும் விட்டுவிட்டு அக்கா தனியாக வந்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. ஸ்பைக்ஸ் கிடையாது, வெறுங்கால். ஒரு எவர்சில்வர் தட்டும் சான்றிதழும் கொடுத்தார்கள்.

அப்பா தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுபவர். கெட்டவர் இல்லை. சான்றிதழை வாங்கிப் படித்தார். "நல்லது. இந்த வருஷம் பத்தாவது. போதும், அப்புறம் பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. அந்தத் தட்டில் நான் காலேஜ் முடிக்கும் வரை சாப்பிட்டேன். அக்கா மறுபடி ஓடவே இல்லை.

2000-01இல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்த கதையை எங்கள் சீனியர்கள் சொல்வார்கள். பெயர்தான் விருப்ப ஓய்வு, சிலருக்கு யாருடைய விருப்பம் என்பது வேறு விஷயம். இருந்தாலும் அவர்கள் கையால் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்கள், பணமும் வாங்கினார்கள். அக்கா எந்தக் கடிதமும் எழுதவில்லை. அவளுடைய ஓய்வை அப்பா வாயால் சொன்னார், அது அமலுக்கு வந்தது.

மிதாலி 2022 ஜூன் 8 அன்று தன் ஓய்வைத் தானே எழுதி வெளியிட்டார். வயது 39. எப்போது தொடங்குவது என்பதை அப்பா முடிவு செய்தார், சரி. எப்போது முடிப்பது என்பதை ஆடியவர் முடிவு செய்தார். அவர் போன நாலே மாதத்தில், அக்டோபரில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஆட்டச் சம்பளம் என்று பி.சி.சி.ஐ. அறிவித்தது. 2023 மார்ச்சில் பெண்களுக்கான ஐ.பி.எல். தொடங்கியது. ஐந்து அணிகள் விலைபோனது 4,669.99 கோடிக்கு. அதில் ஆட்டக்காரராக மிதாலி இறங்கவில்லை, குஜராத் அணிக்கு ஆலோசகராக நின்றார். பந்தி விரிக்கும் நேரத்துக்கு எழுந்து போனவர் மாதிரி என்று நான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தோன்றியது, அத்தனை வருஷம் அடுப்பைக் காத்தவர்களில் அவரும் ஒருவர்.

2025 நவம்பர் 2 இரவு, நவி மும்பை. தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று இந்தியப் பெண்கள் முதல்முறையாக உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். 87 ரன்னும் இரண்டு விக்கெட்டும் எடுத்து ஆட்ட நாயகி ஆனது ஷெஃபாலி. மைதானத்தைச் சுற்றி வரும்போது கேப்டன் ஹர்மன்பிரீத்தும் மற்றவர்களும் கோப்பையைக் கொண்டுபோய் மிதாலி, ஜூலன் கோஸ்வாமி, அஞ்சும் சோப்ரா கையில் கொடுத்தார்கள். மணி பன்னிரண்டு தாண்டியிருக்கும். என் மகள் சோபாவில் நின்றுகொண்டு குதித்தாள். ஊரில் இருந்து அக்கா போன் செய்தாள். ஐம்பது வயது, கால் வலி, சீக்கிரம் தூங்குகிறவள். "பாத்தியாடா, பழைய ஆளுங்க கையில குடுத்தாளுங்க" என்றாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. இரண்டு பேருமே கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே அக்காவிடம் பாரம் விஷயத்தைச் சொன்னேன். பத்தாவது, டியூஷன், மெட்ரோ, செலவு எல்லாம் விளக்கினேன். பாலன்ஸ் ஷீட் மாதிரி சுத்தமாக இருந்தது. அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"நிறுத்துறதுன்னா நிறுத்துடா தம்பி. உன் புள்ள, உன் வீடு. ஆனா நீ சொல்லாத. அவளா வந்து போதும்னு சொல்லட்டும். நான் அன்னைக்கு சொல்லவே இல்ல. யாரும் கேக்கவும் இல்ல."

முப்பத்தைந்து வருஷத்தில் அக்கா அந்த விஷயத்தைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான்.

மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். பத்தாவதையும் இதையும் சமாளிக்க முடியுமா, உண்மையாகச் சொல் என்றேன். யோசித்தாள். "நாலு நாளை மூணு நாளாக்கிக்கறேன்பா. மேத்ஸ்ல மார்க் குறைஞ்சா நானே சொல்றேன்" என்றாள். குறைத்துக்கொண்டு நிற்பது. போபண்ணா சொல்லிக்கொடுத்தாரோ என்னவோ!

அவள் மிதாலி ஆகமாட்டாள். கவர் டிரைவ் இன்னும் காற்றில்தான் போகிறது. அடுத்த வருஷமே அலுத்துப்போய் விட்டுவிடலாம், விடட்டும். அந்தக் கடிதம் அவள் கையெழுத்தில் இருக்கட்டும்.

பாரத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. தேதி எழுதும் இடத்தில் கை கொஞ்சம் நடுங்கியது. மனைவி பக்கத்தில் நின்று, "பேங்க்ல இப்படி மாறிப்போச்சுன்னா செக்கைத் திருப்பி அனுப்பிடுவீங்கல்ல?" என்று கேட்டாள். அனுப்பியிருப்பேன்.

உங்கள் வீட்டில் பதினைந்து வயதில் ஓய்வு பெற்றவர்கள் யாராவது இருப்பார்கள். அக்காவோ, அத்தையோ, ஏன், அம்மாவாகவேகூட இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போட்டு என்ன விளையாடினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.